ஏர் ஃபில்டரில் ஆயில் வந்தால் என்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

கேள்வி: அறந்தாங்கி பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வீட்டில் அப்பா ஓட்டிய 1994 மாடல் புல்லட் 350 இருக்கிறது. நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒருமுறை, சில சமயம் இரண்டு முறை ஊருக்குப் போகும்போது மட்டும் வண்டியை எடுப்பேன். எடுக்கும் முன் ஆயில் அளவு பார்த்தால் ஒவ்வொரு முறையும் குறைந்தே இருக்கிறது. 200 மில்லி போல ஊற்றிவிட்டுத்தான் கிளப்புவேன். கிளப்பியதும் புகை மண்டும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். சில மாதங்களாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் தேங்குகிறது. ஃபில்டர் ஊறிப்போய் வண்டி இழுக்கவில்லை, ப்ளக் கருத்துவிடுகிறது. ஒரு மெக்கானிக் போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்துவிட்டது, ரீபோர் செய்து, அதாவது அதைக் கடைந்து பெரிதாக்கி, பிஸ்டன் மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர் என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் ப்ரீதர் குழாயை ஃபில்டரிலிருந்து பிடுங்கி வெளியே தொங்கவிட்டால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி? நண்பரின் பழைய மாருதி ஆம்னியிலும் இதே தொல்லை. அதற்கும் இதுதான் காரணமா?

பதில்: இரண்டு பேர் சொன்னதையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள், தம்பி. உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. வண்டி வாரக்கணக்கில் நிற்கிறது, நின்றபின் பார்த்தால் ஆயில் குறைகிறது, கிளப்பினால் முதலில் மட்டும் புகை வருகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் என் சந்தேகம் போர் மேல் போகாது. உங்கள் வண்டி ஆயிலைத் தின்னவில்லை என்றே நினைக்கிறேன். ஆயில் இடம் மாறுகிறது. இடம் மாறியதைக் குறைந்துவிட்டதாக நினைத்து நீங்கள் மேலும் ஊற்றுகிறீர்கள். கூடுதலாக ஊற்றிய ஆயில்தான் ஃபில்டருக்குப் போகிறது.

எப்படி என்று சொல்கிறேன். பழைய இரும்பு போர் புல்லட்டில் ஆயில் இருக்க இரண்டு அறைகள் உண்டு. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் க்ராங்க் சுற்றும் அறை ஒன்று. அதற்குப் பின்னால், அதே வார்ப்புக்குள்ளேயே அமைந்த ஆயில் டேங்க் இன்னொன்று. இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரில் 1940களின் கடைசியில் வரைந்த அமைப்பு இது. 1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி திருவொற்றியூரில் வண்டி வரத் தொடங்கிய பிறகும் அரை நூற்றாண்டு காலம் இதை மாற்றவில்லை. ஃபீட் பம்ப் டேங்கிலிருந்து ஆயிலை எடுத்து க்ராங்குக்கு அனுப்பும். வேலை முடிந்து க்ராங்க் அறையின் அடியில் விழும் ஆயிலை ரிட்டர்ன் பம்ப் திரும்ப அள்ளிக்கொண்டு போகும். அள்ளும் பம்பின் கொள்ளளவு அனுப்பும் பம்பைவிடப் பெரியது, அதனால் ஓடும்போது க்ராங்க் அறை ஏறக்குறைய காலியாக இருக்கும். நீங்கள் இழுத்துப் பார்க்கும் டிப் ஸ்டிக் டேங்கில் இருப்பதை மட்டுமே காட்டும். க்ராங்க் அறையில் எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

பம்ப் டிஸ்க்கும் அது உட்காரும் முகமும் தேய்ந்த வண்டியை இரண்டு வாரம் நிறுத்தினால், டேங்க் ஆயில் ஃபீட் பம்ப் வழியாகக் கசிந்து மெல்ல க்ராங்க் அறையில் இறங்கும். புல்லட் வட்டாரத்தில் இதை வெட் சம்பிங் என்பார்கள். வயதான வண்டிகளில் ஓரளவு எல்லாவற்றிலும் உண்டு. இந்த நிலையில் டிப் ஸ்டிக்கை எடுத்தால் அளவு குறைவாகத்தான் காட்டும். நீங்கள் 200 மில்லி ஊற்றுகிறீர்கள். கிளப்பியதும் ஃப்ளைவீல் தேங்கிய ஆயிலில் மிதந்து அதைப் போர் முழுக்க வாரி அடிக்கிறது. அதுதான் அந்த முதல் புகை. கொஞ்ச நேரத்தில் ரிட்டர்ன் பம்ப் தேங்கியதை எல்லாம் டேங்குக்குத் தூக்கிவிடும், புகையும் நின்றுவிடும். ஆனால் இப்போது டேங்கில் பழையதும் இருக்கிறது, நீங்கள் ஊற்றிய புதியதும் இருக்கிறது. மொத்தமே சுமார் இரண்டு லிட்டர் பிடிக்கும் என்ஜின் அது. அடுத்த மாதமும் இன்னொரு 200. எங்காவது வழிந்துதானே ஆக வேண்டும்.

வழிவதற்கு இருக்கும் ஒரே வாசல் ப்ரீதர். புல்லட்டுக்கு இது மற்ற வண்டிகளைவிட முக்கியமான உறுப்பு. நான்கு சிலிண்டர் காரில் இரண்டு பிஸ்டன் இறங்கும்போது இரண்டு ஏறும், அதனால் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் காற்று உள்ளுக்குள்ளேயே இடம் மாறிக்கொள்ளும். ஒற்றைச் சிலிண்டரில் அந்த வசதி இல்லை. 346 சிசி பிஸ்டன் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் சைக்கிள் பம்ப் போல அத்தனை காற்றையும் கீழே அழுத்துகிறது. 3000 ஆர்பிஎம்மில் இது நொடிக்கு 50 தடவை நடக்கும். கணக்குப் போட்டால் நொடிக்கு 17 லிட்டருக்கு மேல் காற்று அலைக்கழிகிறது. அது வெளியேறக் குழாய் வேண்டும், வெளியேறியது திரும்ப உள்ளே வராமல் தடுக்க ஒரு வழி வால்வும் வேண்டும். பழைய காலத்தில் இந்தக் குழாய் நேரே வெளியே திறந்து செயின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு சின்ன டப்பா வைத்து, அதில் ஆயில் தங்கித் திரும்ப டைமிங் பக்கம் (கேம் கியர்களும் ஆயில் பம்புகளும் இருக்கும் பக்கம்) இறங்கவும், மிஞ்சும் ஆவி மட்டும் ஏர் ஃபில்டர் வழியாகப் போய் எரியவும் வழி செய்தார்கள். குழாய்கள் மாட்டும் விதம் வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். உங்கள் வண்டியில் பழைய உரிமையாளரோ பழைய மெக்கானிக்கோ மாற்றியும் இருக்கலாம்.

சரி, இப்போது என்ன செய்ய வேண்டும். முதல் வேலைக்குக் காசு செலவே இல்லை, ஒரு தட்டும் ஸ்பானரும் போதும். அடுத்த முறை ஊருக்குப் போனதும் வண்டியைக் கிளப்பாதீர்கள். சமதளத்தில் மெயின் ஸ்டாண்டு போட்டு நிமிர்த்தி நிறுத்தி, டிப் ஸ்டிக் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆயில் ஊற்ற வேண்டாம். க்ராங்க் அறைக்கு அடியில் தனி ட்ரெயின் பிளக் இருக்கிறது, டேங்க் பிளக் வேறு. மெக்கானிக்கைக் கேட்டு எது எது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் ஆயுசுக்கும் உதவும். க்ராங்க் பிளக்கைக் கழற்றி, வருவதைச் சுத்தமான அளவுக் குவளையில் பிடியுங்கள். ஒரு டம்ளருக்குள் வந்தால் நான் கவலைப்பட மாட்டேன். அரை லிட்டரோ அதற்கு மேலோ வந்தால் உங்கள் ஆயில் எங்கே போய் ஒளிந்திருந்தது என்பது கண்முன்னால் வந்துவிட்டது. பிளக்கைத் திரும்பப் போடும்போது வாஷரைப் பார்த்து, முதலில் கையாலேயே முழுக்கத் திருகி, கடைசியில் மட்டும் ஸ்பானர் வையுங்கள். அலுமினிய மரை, வேகமாக இறுக்கினால் மரை போய்விடும். அதற்கு ஆகும் செலவு இந்தப் பிரச்சினைக்கு ஆகும் செலவைவிடப் பெரிது.

பிடித்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். டேங்கில் மிச்சம் இருப்பதைக் கொண்டு வண்டியைக் கிளப்பி, நாலைந்து நிமிடம் மெதுவாக ஐடிலில் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஓரிரு நிமிடம் கழித்து அளவு பாருங்கள். புல்லட்டில் ஆயில் அளவு என்றால் இதுதான்: ஓடி, நின்று, சற்றுப் பொறுத்தபின் பார்ப்பது. காலையில் எழுந்ததும் கொட்டகையில் பார்ப்பது கணக்கில் வராது. இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்கும் அளவு ஆயில் விடுங்கள். மேல்கோடு வரை விடுவது நம் ஊர் வழக்கம், ‘ஃபுல்லாக இருக்கட்டுமே’ என்று. இந்த என்ஜினுக்கு அது தேவையில்லை. மேல்கோட்டைத் தொட்டால் மிச்சத்தை அது ப்ரீதர் வழியே தானே துப்பிவிடும். ஏர் ஃபில்டரில் ஆயில் என்று வரும் இரும்பு என்ஜின் புல்லட்டுகளில் கணிசமானவை இந்த ஒரு திருத்தத்திலேயே சரியாகிவிடும். ஆயில் 20டபிள்யூ-50 மினரல் போதும். மெல்லிய சிந்தெடிக் ஆயில் விலை அதிகம் என்பதற்காக நல்லது என்று அர்த்தமில்லை. தேய்ந்த பம்ப் வழியே அது இன்னும் வேகமாகக் கசியும்.

இரண்டாவது வேலை குழாய்கள். ப்ரீதர் குழாயை என்ஜினிலிருந்து கடைசி முனை வரை கையால் தடவிக்கொண்டே போங்கள். எங்காவது நசுங்கியிருக்கிறதா, சீட்டுக்கு அடியில் மடங்கியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் பெட்ரோலுக்குப் போடும் வெளிறிய பிளாஸ்டிக் டியூபை இங்கே மாட்டி வைத்திருப்பார்கள். சூடான ஆயில் ஆவிக்கு அது தாங்காது, விறைத்து உள்ளே சப்பிப்போகும். ஆயிலுக்கான ரப்பர் ஹோஸ் போடுங்கள், முதலில் இருந்ததைவிட ஒல்லியாகப் போடாதீர்கள். குழாய் அகலமாக இருந்தால் காற்று மெதுவாகப் போகும், ஆயில் துளி வழியிலேயே விழுந்துவிடும். ஒல்லியாக இருந்தால் காற்று சீறிக்கொண்டு போகும்போது ஆயிலையும் தள்ளிக்கொண்டு போய் ஃபில்டரில் கொட்டும். என்ஜினிலிருந்து கிளம்பும் குழாய் முதலில் மேல்நோக்கி ஏற வேண்டும், நடுவில் தொய்ந்து பள்ளம் விழக்கூடாது. பள்ளத்தில் ஆயிலும் தண்ணீரும் தேங்கினால் குழாயில் அடைப்பு போட்டது போல்தான்.

டப்பாவைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசுங்கள். உள்ளே மோர் நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் பயப்பட வேண்டாம். குறைந்த தூரம் மட்டும் ஓடும் வண்டியில் என்ஜின் முழுச்சூடு அடையாது, ஆவியில் இருக்கும் ஈரம் ஆயிலோடு கலந்து இப்படி ஆகும். யாராவது அதைப் பார்த்துவிட்டு ஹெட் கேஸ்கெட் போய் தண்ணீர் கலந்துவிட்டது என்று சொன்னால், காற்றில் குளிரும் என்ஜினில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். டப்பாவிலிருந்து டைமிங் பக்கம் திரும்பும் குழாயில் வாயால் ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் டப்பா நிரம்பி மிச்சம் நேராக ஏர் ஃபில்டருக்குத்தான் போகும். அப்படியே ஒரு வழி ரப்பர் வால்வையும் தேடுங்கள். தட்டையான உதடு போன்ற சின்ன ரப்பர் அது. ஒரு பக்கம் ஊதினால் காற்று போக வேண்டும், மறுபக்கம் இழுத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். விறைத்துப்போய் வாய் திறந்தே கிடந்தால் மாற்றுங்கள். சில வண்டிகளில் அது இருக்கவே இருக்காது, எப்போதோ யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். சின்னப் பொருள், விலையும் சொற்பம். ஆனால் அது வேலை செய்யும்போது க்ராங்க் அறைக்குள் லேசான வெற்றிடம் நிலவும். மற்ற இணைப்புகளில் ஆயில் கசிவதும் அதனால் குறையும்.

இதையெல்லாம் முடித்தபின் ஏர் ஃபில்டர் பெட்டியைத் துடைத்து, ஊறிப்போன பேப்பர் ஃபில்டரைத் தூக்கிப் போட்டுப் புதியது போடுங்கள். பேப்பரைக் கழுவிக் காயவைக்கும் வேலை வேண்டாம். ஃபோம் என்றால் மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் முழுக்க உலர்த்தி, நாலு சொட்டு ஆயில் தடவிப் பிழிந்து மாட்டலாம். பெட்ரோலில் கழுவாதீர்கள். கார்ப்பரேட்டருக்குள்ளும் ஆயில் போயிருக்கும், ஜெட்டையும் பௌலையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இழுவை இல்லாததற்கும் ப்ளக் கருப்பதற்கும் காரணம் பெரும்பாலும் இந்த ஊறிய ஃபில்டர்தான். மூச்சு அடைத்தால் காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்துவிடும். அதற்காக யாராவது கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருகி வைத்திருந்தால் அதையும் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.

இப்போது குழாயை வெளியே தொங்கவிடச் சொன்னவருக்கு வருகிறேன். அவர் சொன்னபடி செய்தால் ஃபில்டர் காய்ந்துவிடும், உண்மைதான். வெளியே ப்ரீதர் விட்டு ஓடும் புல்லட்டுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் உங்கள் வண்டி இப்போது துப்புவது ஆவி இல்லை, ஆயில். அது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் சொட்டினால் முதல் வளைவிலேயே டயர் வழுக்கும். பிரேக் ட்ரம்முக்குப் போனால் அதுவும் ஆபத்து. வால்வு இல்லாத வெறும் குழாய் என்றால் பிஸ்டன் ஏறும்போது சாலைப் புழுதியையும் மழைத் தண்ணீரையும் உள்ளே இழுக்கும். மேலாக, ஆயில் அளவு கூடிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே அடையாளத்தையும் மறைத்துவிடுவீர்கள். இன்னும் சிலர் குழாயை எதற்கு என்று போல்ட் போட்டு அடைத்தே விடுகிறார்கள். அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். அழுத்தம் போக வழியில்லாமல் ஆயில் சீலைப் பிதுக்கும், கேஸ்கெட் வழியே கசியும், ப்ரைமரி செயின் கேஸுக்குள் ஆயில் ஏறி க்ளட்ச் வழுக்க ஆரம்பிக்கும்.

ரீபோர் சொன்னவர் ஆதாரமில்லாமல் சொல்லியிருக்க மாட்டார். கிளப்பியதும் புகையையும் ப்ரீதரில் வரும் காற்றையும் பார்த்திருப்பார். ஆனால் ஒற்றைச் சிலிண்டரில் ப்ரீதர் முனையில் கை வைத்தால் குப்குப்பென்று அடிக்கத்தான் செய்யும், அது நோய் இல்லை. கேள்வி என்னவென்றால் அடித்த காற்று திரும்ப உள்ளே போகிறதா, இல்லை வெளியே வந்துகொண்டே இருக்கிறதா என்பது. ப்ரீதர் முனையில் ஒரு மெல்லிய பாலித்தீன் பையைச் சப்பையாக வைத்து ரப்பர் பேண்ட் போட்டு, சைலன்சரில் படாமல் பிடித்துக்கொண்டு, சூடேறிய என்ஜினை ஐடிலில் விடுங்கள். பை துடிக்கும், மெதுவாகத்தான் உப்பும் என்றால் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரிங் பரவாயில்லை. சில நொடிகளிலேயே விறைப்பாக உப்பி, உள்ளே நீலப் புகையும் தெரிந்தால் எரியும் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே வருகிறது என்று பொருள். பை நிறைந்ததும் என்ஜினை நிறுத்திக் கழற்றிவிடுங்கள்.

கூடவே கிக்கர் சோதனை. ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்துக் கம்ப்ரெஷன் வரும் இடம் வரை கிக்கரைத் தள்ளி, பற்றவைப்பை நிறுத்திவிட்டு, சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரெஷன் லீவரைத் தொடாமல் உடம்பு பாரத்தை மெதுவாக அதன் மேல் வையுங்கள். நல்ல என்ஜின் உங்களைச் சில நொடி தாங்கிவிட்டுத்தான் விடும். உடனே இறங்கினாலும் போர் என்று முடிவு கட்டாதீர்கள். டிகம்ப்ரெஷன் வால்வு சரியாக உட்காராமல் இருக்கலாம், கேபிள் இறுக்கமாக இருக்கலாம், எக்ஸாஸ்ட் வால்வு கசியலாம். மூன்றும் ரீபோரைவிட மலிவு. புகை எப்போது வருகிறது என்பதும் ஒரு சாட்சி. ஓடிக்கொண்டிருக்கும்போது த்ராட்டில் முறுக்கினால் விடாமல் நீலப்புகை வந்தால் ரிங் பக்கம் பாருங்கள். இறக்கத்தில் த்ராட்டிலை மூடிவிட்டு மறுபடி திறக்கும்போது ஒரு கொத்து வந்தால் வால்வ் கைடு, அதாவது வால்வின் தண்டு ஓடும் குழல், தேய்ந்திருக்கலாம். உங்களுக்கு வருவது நின்றிருந்து கிளம்பும்போது மட்டும், அதுவும் தானாக நிற்கிறது. இந்தச் சாட்சியை வைத்து நான் போரைத் தொடமாட்டேன். ஒவ்வொரு ரீபோரும் அந்த இரும்பு போரின் ஆயுளில் ஒரு பகுதியைச் செதுக்கி எடுக்கிறது. உங்கள் வண்டியில் ஏற்கெனவே எத்தனையாவது ஓவர்சைஸ் பிஸ்டன் கிடக்கிறது என்று அப்பாவிடமோ பழைய பில்லிலோ தெரிந்துகொள்ளுங்கள்.

அளவைச் சரிசெய்து, குழாய்களைப் பார்த்து, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் பெட்டியைத் திறந்து பாருங்கள். லேசான ஈரப்பிசுக்கு இருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். வயதான புல்லட்டில் அது கூட இருக்கக்கூடாது என்று எதிர்பார்ப்பவர்கள் வேறு வண்டி வாங்கலாம். மறுபடி தேங்கினால் பம்புக்குப் போக வேண்டியதுதான். அதற்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். வாரக்கணக்கில் நின்ற வண்டியில் க்ராங்க் அறையில் ஆயில் நிறைந்திருந்தால் ஃபீட் பம்ப் கசிகிறது, தொல்லைதான், ஆபத்து இல்லை. நல்ல ஓட்டம் ஓடி நிறுத்திய உடனே பிளக்கைத் திறந்தாலும் அரை லிட்டர் கொட்டுகிறது என்றால் ரிட்டர்ன் பம்ப் அள்ளவில்லை. அது உடனே பார்க்க வேண்டியது. ஐடிலில் ஓடும்போது ஹெட்டில் வால்வுகளைத் தட்டும் ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டை அரைச்சுற்று தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். ராக்கருக்குப் போவது ரிட்டர்ன் பம்ப் அனுப்பும் ஆயில்தான். வறண்டு இருந்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

பம்ப் வேலை பெரிய வேலை அல்ல. மூடியைத் திறந்து, டிஸ்க்கையும் முகத்தையும் மெல்லிய பேஸ்ட் வைத்து லேப் செய்து (ஒன்றோடொன்று உரசிச் சமமாக்கி), ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தால் மாற்றி, பேஸ்ட் ஒரு துகள்கூட மிச்சமில்லாமல் கழுவி மாட்ட வேண்டும். என்ஜினை இறக்கவே தேவையில்லை. மெக்கானிக்கிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: டைமிங் கவரை மூடும்போது சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளி அப்பக்கூடாது. பிதுங்கும் துண்டுகள் ஆயில் பாதையில் போய் அடைத்துக்கொள்ளும். சரியான கேஸ்கெட் போட்டு, துளைகள் பொருந்துகின்றனவா என்று பார்த்து மூடினால் பேஸ்ட்டே வேண்டாம். அந்தக் கவருக்குள் இருக்கும் ஆயில் ஃபில்டரையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள்.

வண்டி நிற்கும் காலத்தில் வீட்டில் யாராவது வாரம் ஒருமுறை கிளப்பி, பக்கத்து ஊர் வரை போய்வந்தால் நல்லது. வாசலிலேயே ரெண்டு நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவதில் பயனில்லை, மோர் நிறக் கசடுதான் சேரும். அப்படி ஆள் இல்லையென்றால் நீங்கள் போகும்போது க்ராங்க் பிளக்கைத் திறந்து வடிப்பதோ, கிளப்பிப் புகை நிற்கும் வரை ஐடிலில் பொறுப்பதோ போதும். புகை நிற்கும் முன் முறுக்க வேண்டாம். 2008க்குப் பிறகு வந்த யூசிஇ (என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த) என்ஜின் புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரட்டை அறைக் கதை பொருந்தாது. அதில் ஆயில் அடியிலேயே இருக்கும், கண்ணாடியில் அளவு தெரியும். அங்கே ஃபில்டரில் ஆயில் வந்தால் முதலில் கூடுதலாக ஊற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

உங்கள் நண்பரின் ஆம்னிக்கு வருவோம். வெட் சம்பிங் அங்கே கிடையாது. கார்ப்பரேட்டர் காலத்து 796 சிசி என்ஜின் என்றால் பிசிவி வால்வைத்தான் முதலில் பார்ப்பேன். க்ராங்க் ஆவியை என்ஜின் தன் இழுவையாலேயே உள்ளே இழுத்து எரிக்கும் வழி அது. கசடு படிந்து அது அடைத்துவிட்டால் ஆவி திரும்பிப் போய், சுத்தமான காற்று வர வேண்டிய குழாய் வழியே ஏர் ஃபில்டருக்குள் ஆயிலைத் துப்பும். வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஆட வேண்டும். ஐடிலில் அதன் வாயில் விரல் வைத்தால் இழுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் புதியது போட்டு, குழாய்களையும் அலசச் சொல்லுங்கள். வால்வு நன்றாக இருந்து, ஆயில் அளவும் சரியாக இருந்து, அப்படியும் வந்தால் கம்ப்ரெஷன் கேஜ் போட்டு மூன்று சிலிண்டரையும் அளக்கட்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. காரில் மோர் நிறக் கசடு வந்தால் மட்டும் கூலண்ட் குறைகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அங்கே தண்ணீர் உண்டு.

டீசல் வண்டிக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு எச்சரிக்கை. பழைய ஜீப், டிராக்டர்களில் ஏர் ஃபில்டரின் அடியில் ஆயில் ஊற்றியே வைத்திருப்பார்கள், புழுதி பிடிக்க. அங்கே கோடு வரை ஆயில் இருப்பது சரிதான், கோட்டுக்கு மேல் ஊற்றுவதுதான் தவறு. ஆனால் ப்ரீதர் வழியாக ஆயில் அளவில்லாமல் இன்டேக்குக்குப் போனால் டீசல் என்ஜின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால், மேனுவல் கியர் வண்டியில் டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுக்க அழுத்திக்கொண்டு க்ளட்சை விட்டு என்ஜினை அடக்குங்கள். பானெட் திறந்திருந்தால் காற்று போகும் வாயைத் தடித்த பலகையால் மூடலாம். கையையோ துணியையோ வைக்கக்கூடாது, உள்ளே இழுத்துவிடும்.